சொன்னது யார் என்பதைவிடக் கேட்டது யார்
வேறு நாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் ஒரு நிறுவனத்தை எப்போது மாற்றுகிறார்கள்? சோல் முதல் ஒரகடம் வரை ஓர் அலசல்

1993 ஜூன் மாதம். டோக்கியோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் சாம்சங் குழுமத்தின் தலைவர் லீ குன்-ஹீ ஓர் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். எழுதியவர் ஃபுகுடா தமியோ என்ற ஜப்பானியர். 1989-ல் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸில் வடிவமைப்பு ஆலோசகராகச் சேர்ந்தவர். வடிவமைப்பு என்றால் என்னவென்றே இந்த நிறுவனத்தின் மேலாளர்களுக்குப் பிடிபடவில்லை, தரத்தைப் பற்றிய அக்கறை மேலிருந்து கீழ்வரை தளர்ந்துகிடக்கிறது என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். விமானத்தில் உடனிருந்த அதிகாரிகளிடம் அறிக்கையைக் கொடுத்து, ஏன் இப்படி என்று லீ குடைந்தெடுத்தார். அதே சமயத்தில் அவர் பார்த்த ஒரு வீடியோவும் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. சாம்சங் தொழிற்சாலையில் சலவை இயந்திரத்தின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று தொழிலாளர்கள் கத்தியால் அதன் ஓரத்தைச் சீவிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் கொரியாவிலிருந்து உயர் அதிகாரிகளை வரவழைத்தார் லீ. சுமார் 200 பேர் வந்து சேர்ந்தார்கள். மனைவி மக்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று அவர் முழங்கியது அங்கேதான். ஜூன் 7 அன்று வெளியான அந்தப் பிரகடனத்தை சாம்சங்கின் மறுபிறப்பு என்று கொரியர்கள் இன்றும் சொல்வார்கள். ஃபுகுடாவின் பெயரும் அதனால் வணிக வரலாற்றில் ஏறியது.

இந்தக் கதையை மேலாண்மை வகுப்புகளில் தலைவரின் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு சங்கதி முக்கியமாகப் படுகிறது. ஃபுகுடா அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை. சேர்ந்ததிலிருந்தே இதைத்தான் சொல்லிவந்தார். சொன்னதெல்லாம் நடுவில் எங்கோ ஒரு மேசையில் தங்கிவிட்டது. அந்த நான்கு வருடங்களில் ஃபுகுடாவின் திறமை கூடவோ குறையவோ இல்லை. காகிதம் போய்ச் சேர்ந்த இடம்தான் மாறியது.

போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவரும் லேசுப்பட்டவரல்ல. லீ குன்-ஹீ சிறுவயதில் ஜப்பானில் பள்ளிக்குப் போனவர், பிறகு டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜப்பானிய மொழி அவருக்கு வீட்டு மொழி மாதிரி. அயல்நாட்டில் அயலானாக இருந்து பார்த்தவர் என்பதால் ஓர் அயலானின் குறையைக் கேட்கிற பக்குவம் அவருக்கு இருந்தது. கொரியாவைவிட்டு நகராத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அறிக்கை கோப்பிலேயே மக்கிப்போயிருக்கலாம்.

பன்னாட்டு நிறுவனங்களில் ‘எக்ஸ்பாட்’ என்று அழைக்கப்படும் அயலகப் பணியாளர்களால் புதுமை பிறக்கிறது என்பது இப்போது ஏறத்தாழ வேதவாக்கு. பல நாட்டுக்காரர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால் யோசனைகள் ஊற்றெடுக்கும் என்று மனிதவளத் துறைகள் நம்புகின்றன. அதற்காக விமான டிக்கெட், வீட்டு வாடகை, பிள்ளைகளின் சர்வதேசப் பள்ளிக் கட்டணம் என்று பணத்தை வாரி இறைக்கின்றன. வந்தவர் யாரோடு பழகுகிறார், அவர் கண்டது யார் காதுக்குப் போகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சொற்பம். உண்மையில் எல்லாம் நிற்பது அந்த உறவுச் சங்கிலியில்தான்.

சமூகவியலாளர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் அஸ்திவாரம். நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்தே நமக்குப் புதுச் செய்தி வருகிறது என்றார் அவர். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். 2004-ல் ரொனால்ட் பர்ட் இதை ஒரு பெரிய அமெரிக்க மின்னணு நிறுவனத்துக்குள்ளேயே சோதித்துப் பார்த்தார். கொள்முதல், விநியோகம் பார்க்கும் மேலாளர்களிடம் வேலையை மேம்படுத்த ஒரு யோசனை சொல்லச் சொன்னார். அவற்றை மேலதிகாரிகளைக் கொண்டு மதிப்பிடவைத்தார். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு குழுக்களுக்கு நடுவில் நின்றவர்களின் யோசனைகளுக்கே நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த ஆய்வில் இன்னொரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. பெரும்பாலானவர்கள் தங்கள் யோசனையைப் பக்கத்து மேசைக்காரரிடம் பேசியதோடு சரி. யோசனை அங்கேயே அடங்கிவிட்டது.

அயல்நாட்டிலிருந்து வந்தவர் பிறவியிலேயே இரண்டு குழுக்களுக்கு நடுவில் நிற்பவர். அதுதான் அவருடைய சொத்து. அதுவே அவருடைய ஆபத்தும்கூட, இரண்டு பக்கமும் அவரை முழுதாக நம்பாது.

சில்லு செய்த உறவுகள்

சாம்சங்குக்கே திரும்புவோம். ஃபுகுடாவுக்குப் பத்து வருடங்களுக்கு முன்பே அந்த நிறுவனம் இந்த வித்தையை ஒருமுறை செய்து பார்த்திருந்தது.

1983 பிப்ரவரியில் லீயின் தந்தை லீ பியுங்-சுல், நினைவகச் சில்லு தயாரிப்பில் இறங்கப்போவதாக டோக்கியோவில் இருந்தபடி அறிவித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். கொரியாவில் அப்போது அதற்கான ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். ஆட்கள் இருந்தது அமெரிக்காவில். படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட கொரியப் பொறியாளர்கள் பெரிய அமெரிக்க நிறுவனங்களிலும் ஆய்வகங்களிலும் பரவியிருந்தார்கள். சாம்சங் அதே ஆண்டு சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு கிளையைத் திறந்து அவர்களை வேலைக்கு எடுத்தது. கொரியாவிலிருந்து இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பியது. அமெரிக்காவில் ஒரு குழு, கொரியாவில் ஒரு குழு. இரண்டும் ஒரே இலக்கை நோக்கிப் போட்டி போட்டுக்கொண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுத்துக்கொண்டும் வேலை செய்தன. அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய வடிவமைப்பைக் கொண்டு 1983 டிசம்பரில் 64கே டிராம் சில்லை உருவாக்கிவிட்டதாக சாம்சங் அறிவித்தது.

மூன்றாவது முனை ஜப்பானில் இருந்தது. அந்த நாட்களில் வாரம் தவறாமல் ஜப்பானுக்குப் போய்ச் சில்லுத் துறைப் பொறியாளர்களைச் சந்தித்ததாக லீ குன்-ஹீயே பின்னாளில் எழுதியிருக்கிறார். அது நாகரிகமான வழிதானா என்று ஜப்பானியர்கள் இன்றும் கேட்பார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

அமெரிக்காவிலிருந்து இப்படித் திரும்பியவர்கள் உயரப் போனார்கள். 1985-ல் ஐ.பி.எம்.மை விட்டு வந்த சின் டே-ஜே பின்னால் கொரியாவின் தகவல்தொடர்பு அமைச்சரானார். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கிய குவோன் ஓ-ஹியுன் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் தலைமைச் செயல் அதிகாரியானார். மசாசூசெட்ஸில் படித்த ஹ்வாங் சாங்-கியூவின் பெயரில், நினைவகச் சில்லின் கொள்ளளவு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்ற ‘ஹ்வாங் விதி’யே உண்டு. 1992-ல் 64 மெகாபிட் டிராமை உலகில் முதலில் உருவாக்கியது சாம்சங். அடுத்த ஆண்டு நினைவகச் சில்லு விற்பனையில் உலகின் முதலிடம்.

திரும்பி வந்தவர்களின் மூளையை வாங்கினார்கள் என்று இதைச் சுருக்கிவிடலாம். சுருக்கக் கூடாது. அவர்களிடம் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று இருந்தது. ஒரு சிக்கல் வந்தால் அமெரிக்காவில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியும். எந்தப் பாதை ஏற்கெனவே முட்டுச்சந்து என்று தெரியும். இதை உரிமம் போட்டு வாங்க முடியாது.

தைவானிலும் இதே கதைதான். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 ஆண்டுகள் உழைத்த மோரிஸ் சாங் 1985-ல் தைவானுக்குப் போனார், 1987-ல் சில்லு நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யைத் தொடங்கினார். சிலிக்கான் பள்ளத்தாக்கின் சீன, இந்தியப் பொறியாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்த ஆனாலீ சாக்சீனியன், மூளை வெளியேற்றம் என்ற பழைய புலம்பலைக் கைவிட்டுவிட்டு மூளைச் சுழற்சி என்று பேசத் தொடங்கியது இவர்களைப் பார்த்துத்தான்.

வேலை இல்லாமல் ஒரு வருடம்

1990-ல் சாம்சங் ஒரு விசித்திரமான திட்டத்தை ஆரம்பித்தது. நன்றாக வேலை செய்கிற இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மொழிப் பயிற்சி கொடுத்து, ஏதாவதொரு நாட்டுக்கு ஒரு வருடம் அனுப்பியது. அங்கே அவர்களுக்கு அலுவலக வேலை எதுவும் கிடையாது. விற்பனை இலக்கு கிடையாது. ஊரைச் சுற்ற வேண்டும், மொழியைப் பேச வேண்டும், ஆட்களோடு பழக வேண்டும். பார்த்ததை, கேட்டதை எழுதி அனுப்ப வேண்டும். ‘வட்டார வல்லுநர்’ என்று அவர்களுக்குப் பெயர். பயிற்சியையும் சேர்த்தால் ஒருவர் ஏறக்குறைய 15 மாதம் தன் நாற்காலியில் இருக்கமாட்டார்.

நம்மூரில் எந்த மேலாளரிடமாவது இதைச் சொல்லிப்பாருங்கள். டீமில் இருப்பதிலேயே சூட்டிகையான பையனை ஒன்றேகால் வருடம் சும்மா ஊர்சுற்ற அனுப்பு என்றால் என்ன சொல்வார்? சாம்சங் மேலாளர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிரிவுத் தலைவர்கள் முணுமுணுத்தார்கள். லீ விடாப்பிடியாக நின்றார். 2010-களின் தொடக்கத்துக்குள் இப்படிப் போய்வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்.

இந்தத் திட்டத்தின் சூட்சுமம் அந்தச் ‘சும்மா’வில் இருக்கிறது. பொறுப்போடு அனுப்பப்படும் அதிகாரி என்ன செய்வார்? போன ஊரில் தன் நாட்டுக்காரர்களைத் தேடிக்கொள்வார். தலைமையகத்துக்குத் தினமும் பதில் சொல்வதிலேயே பொழுது போய்விடும். வார இறுதியில் தன் ஊர்க்காரர்களோடு கோல்ஃப். மூன்று வருடம் கழித்துத் திரும்பும்போது அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது விமான நிலையத்துச் சாலையும் இரண்டு உணவகங்களும்தான். வேலையே இல்லாமல் அனுப்பப்பட்டவருக்கு அந்த ஊர்க்காரர்களைவிட்டால் வேறு கதி இல்லை. வாடகை வீடு பிடிப்பதிலிருந்து வைத்தியரைப் பார்ப்பது வரைக்கும் யாரையாவது நம்பியாக வேண்டும். அந்த உறவுகள் பின்னால் அதே நாட்டுக்கு அவர் அதிகாரியாகப் போகும்போது கைகொடுக்கும்.

எதிர்த்திசையில் செய்த முயற்சி இவ்வளவு சுலபமாகப் பலிக்கவில்லை. 1997-ல் சாம்சங் மேற்கத்திய வணிகப் பள்ளிகளில் எம்.பி.ஏ. முடித்த வெளிநாட்டவர்களைச் சேர்த்து சோலில் ஓர் உத்திக் குழுவை அமைத்தது. அவர்களுக்குக் கொரிய மொழியும் கற்றுக்கொடுத்தது. முதலில் சேர்ந்தவர்களில் பலர் தங்கவில்லை. கொரிய அலுவலகத்தில் முடிவுகள் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. கூட்டத்துக்கு முன்னாலும், இரவு விருந்திலும் பேசி முடித்துவிடுவார்கள். அந்த விருந்தில் மொழி தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் காலையில் எத்தனை அழகான ஸ்லைடைக் காட்டினாலும் எடுபடாது. கொரியர்களோடு உண்டு, பேசி, அவர்கள் வழக்கத்துக்கு இணங்கியவர்களே நிலைத்தார்கள். போகப்போக அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பாதை கொஞ்சம் செப்பனிடப்பட்டிருந்தது.

சொந்த ஊரில் அந்நியர்

2010-ல் ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ராகுட்டனில் இன்னொரு கூத்து நடந்தது. அதன் தலைவர் ஹிரோஷி மிகிடானி இனி அலுவலக மொழி ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டார். இரவோடிரவாக டோக்கியோ தலைமையகத்தின் மின்தூக்கிப் பலகைகளும் உணவகத்தின் பட்டியலும் ஆங்கிலத்துக்கு மாறின. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆங்கிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்காதவருக்குப் பதவி ஆட்டம் காணும்.

ஹார்வர்டின் செடால் நீலி இந்த நிறுவனத்தைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்து 2017-ல் நூலாக வெளியிட்டார். அவருடைய பார்வை சுவையானது. ஜப்பானியர்கள் சொந்த நாட்டில், சொந்த மேசையில் உட்கார்ந்தபடியே மொழியால் அயலவர் ஆகிவிட்டார்கள். அமெரிக்கக் கிளையில் இருந்தவர்கள் முதலில் குதூகலித்தார்கள், நம் மொழிதானே என்று. மொழி தடையில்லாமல் போனதும் டோக்கியோவின் பழக்கவழக்கங்கள் அந்த வழியாகவே அமெரிக்காவுக்கு வந்து இறங்கின. பெயர் அட்டையை எப்படி அணிய வேண்டும் என்பது வரைக்கும் விதி. இப்போது அவர்கள் பண்பாட்டால் அயலவர். பிரான்ஸ், பிரேசில், தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற கிளைகளில் இருந்தவர்களுக்கு ஆங்கிலமும் சொந்தமில்லை, ஜப்பானிய வழக்கமும் சொந்தமில்லை. அதிகம் திணறுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட அவர்கள்தான் எல்லோரையும்விடச் சுளுவாகப் பழகிக்கொண்டார்கள். இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பன்னாட்டு நிறுவனங்கள் ஆள் தேர்வில் அடிக்கடி கோட்டைவிடுவது இங்கேதான். தலைமையகத்தின் செல்லப்பிள்ளையை வெளியே அனுப்புகிறார்கள். இரண்டு மொழி, இரண்டு ஊர் என்று ஏற்கெனவே அல்லாடிப் பழகியவரை யாரும் நினைப்பதில்லை.

வலை சுவராகும்போது

அயலகப் பணியாளர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் உறவு எப்போதும் நன்மை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. மோரிஸ் சாங்கின் அதே டி.எஸ்.எம்.சி. 2020-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் சில்லு ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. 2023-ல் வேலை தாமதமானது. உள்ளூரில் கைதேர்ந்த ஆட்கள் போதவில்லை, தைவானிலிருந்து ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்றது நிறுவனம். உள்ளூர்த் தொழிற்சங்கங்கள் விசா தரக்கூடாது என்று கொடி பிடித்தன. அந்த ஆண்டின் கடைசியில்தான் சமரசம் ஏற்பட்டது. அமெரிக்கப் பொறியாளர்கள் பயிற்சிக்காகத் தைவானுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். கூட்டங்கள் மாண்டரின் மொழியில் நடக்கின்றன, நள்ளிரவிலும் அழைப்பு வருகிறது என்று அவர்கள் குறைப்பட்டதும், இவர்களுக்கு உழைப்பில் பிடிப்பில்லை என்று தைவானியர்கள் சலித்துக்கொண்டதும் பத்திரிகைகளில் வந்தன. நிறுவனம் தைவானியர்களுக்குச் சலுகை காட்டுவதாக அங்கே வேலை பார்த்த சிலர் 2024-ல் வழக்கும் தொடுத்தார்கள். நாடு பார்த்து வேலை தருவதில்லை என்பது நிறுவனத்தின் நிலை.

ஆலை ஓடாமல் போகவில்லை. 2024-ன் இறுதியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. தைவானில் செய்வதை அப்படியே அரிசோனாவில் செய்து காட்ட அந்த இறுக்கமான உறவுக்கூட்டம் உதவியது. ஏற்கெனவே தெரிந்ததை இம்மி பிசகாமல் இன்னோர் இடத்தில் நகலெடுக்க வேண்டுமென்றால் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள் கூட்டாக வருவது நல்லது. தெரியாததைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதே கூட்டம் காற்று நுழைய இடம் விடாது. எதற்காக ஆட்களை அனுப்புகிறோம் என்ற தெளிவில்லாத நிறுவனம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது.

இந்தியாவைப் பற்றி இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரித்விராஜ் சவுத்ரி என்ற பேராசிரியர் ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் இந்திய ஆய்வு மையத்தை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய மேலாளரின் கீழ் அமர்த்தப்பட்ட உள்ளூர்ப் பொறியாளர்கள், மற்றவர்களைவிட அதிகமாக அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். திறமை இரண்டு பக்கமும் ஒன்றுதான். தலைமையகத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் மேலே இருந்தார், அவ்வளவே.

அதே பேராசிரியர் இன்னொரு ஆய்வில், அமெரிக்காவுக்குப் போன இந்திய, சீன விஞ்ஞானிகள் தங்கள் ஊர் மூலிகை அறிவை அங்கே காப்புரிமையாக எழுதி வைக்கிறார்கள் என்று காட்டினார். நமக்கு இது புதிதில்லை. காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்த காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்களாக இருந்த இருவரும் இந்திய வம்சாவளியினர். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அயலகப் பணியாளர் வழியாக அறிவு போகும், வரும். போன அறிவுக்கு யார் சொந்தம் என்ற தகராறும் கூடவே போகும்.

ஒரகடத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

இனி நம்மூர். 2010-ல் ரெனோவும் நிசானும் சேர்ந்து ஒரகடத்தில் கார் ஆலையைத் திறந்தன. மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் அவற்றின் கூட்டுத் தொழில்நுட்ப மையம். சிறிய கார் சந்தையில் மாருதி ஆல்டோவை எதிர்த்து நிற்க ஒரு வண்டி வேண்டும். பாரிஸில் வரைந்து சென்னையில் செய்யும் வழக்கமான வழியில் அந்த விலைக்குள் அடங்காது என்று தெரிந்துவிட்டது. ரெனோவின் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோன் இந்த வேலைக்கு ஜெரார்ட் டெத்தூர்பே என்பவரைத் தேர்ந்தெடுத்தார். ரெனோவில் பல பத்தாண்டுகள் கழித்தவர், ருமேனியாவில் லோகன் என்ற மலிவு விலைக் காரை முன்னிறுத்தி வளர்ந்த வரிசையை நடத்தியவர். ஓய்வுக்கு ஒதுங்கும் வயதில் அவர் சென்னைக்கு வந்து குடியேறினார்.

அவரோடு வந்தது ஒரு சிறு குழு. ரெனோவிலிருந்து சிலர், நிசானிலிருந்து சிலர். மற்றவர்கள் எல்லாம் இங்கிருந்த இந்தியப் பொறியாளர்கள். அடித்தளம், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாமே புதிதாகச் செய்வது என்று முடிவானது. பழைய பாகத்தை எடுத்துப் போட்டால் மிச்சம் என்பது பொதுவான நம்பிக்கை. டெத்தூர்பே அதற்கு நேரெதிராகப் போனார். ஐரோப்பாவுக்காக வரைந்த பாகத்தில் ஐரோப்பாவின் விலையும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர் கணக்கு. சக்கரத்தை மாட்ட நான்கு நட்டு எதற்கு, இந்த எடைக்கு மூன்று போதாதா? மூன்றோடுதான் வண்டி வெளியே வந்தது. பாகங்கள் தருகிற உள்ளூர் நிறுவனங்களிடம் வரைபடத்தை நீட்டி விலை கேட்காமல், இந்தக் காரியம் நடக்க வேண்டும், நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

2015 செப்டம்பரில் அந்த வண்டி குவிட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. டெல்லியில் தொடக்க விலை 2.57 லட்சம் ரூபாய். பாகங்களில் 98 சதவீதம் உள்நாட்டில் செய்தவை என்றது நிறுவனம். கிறிஸ்டோஃப் மிட்லர் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தத் திட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள்.

டெத்தூர்பே சென்னையில் செய்ததைச் சென்னையில் பிறந்த ஒருவர் செய்திருக்க முடியாதா? பொறியியல் அறிவைப் பொறுத்தவரை தாராளமாக முடிந்திருக்கும். ஆனால் பாரிஸிலிருந்து, எங்கள் தரவிதியில் நான்கு நட்டு என்று இருக்கிறதே என்று கேள்வி வரும்போது, அந்த விதியை எழுதியவரை நாற்பது வருடமாகத் தெரிந்தவர் பதில் சொல்வது வேறு, தாம்பரத்திலிருந்து வருகிற இளைஞர் பதில் சொல்வது வேறு. அவர் இங்கே கொண்டுவந்ததில் பெரியது, தலைமையகத்தைத் தள்ளி நிற்கச் சொல்லும் தைரியம். அது அவருடைய பழைய உறவுகளிலிருந்து வந்தது. வாய்ப்புக் கிடைத்த இந்தியப் பொறியாளர்கள் மிச்சத்தைச் செய்து முடித்தார்கள்.

புகழ்ந்து முடித்துவிட முடியாத ஒரு பக்கமும் குவிட்டுக்கு உண்டு. 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு இந்த வண்டியை மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். அந்த ஆண்டே மாற்றங்களோடு திரும்பச் சோதித்தபோது ஒன்று. பிரேசிலுக்கு 2017-ல் போன குவிட் உடலைப் பலப்படுத்திக்கொண்டு போய் மூன்று நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் அப்போது மோதல் சோதனை கட்டாயமில்லை. சட்டம் கேட்காததைச் சந்தையும் கேட்கவில்லை. ஒரே இலக்கை வைத்துக்கொண்டு இறுகப் பிணைந்த குழுவில், விலையைத் தவிர வேறொன்றைப் பற்றிக் கேள்வி கேட்கிற வெளியாள் இருக்கமாட்டார் என்பது என் ஊகம். பிரேசிலுக்குச் செய்ய முடிந்ததைச் சென்னையில் செய்ய முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பம் காரணமாக இருக்க முடியாது. யார் சொன்னால் கேட்பார்கள் என்பதுதான் இங்கேயும் கேள்வி.

எப்படியிருந்தாலும் வண்டியின் பயணம் நிற்கவில்லை. குவிட்டின் அடித்தளத்தில் சீனாவில் மின்சாரக் கார் ஒன்று செய்தார்கள். 2021-ல் அது டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. சென்னையின் கணக்கு பாரிஸ் தெருவில் ஓடுகிறது.

நம்மிடம் வந்தவர்கள்

1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் தமிழ்நாட்டில் கொரிய அதிகாரிகளின் ஒரு தலைமுறையே வந்து போய்விட்டது. சாம்சங் 2007-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. ஜப்பானியர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் என்று அந்த நெடுஞ்சாலையில் எல்லோரும் உண்டு. கொரிய எழுத்துப் பலகை மாட்டிய உணவகங்கள், விடுதிகள், மளிகைக் கடைகள் இப்போது யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. இந்திய-கொரியப் பண்பாட்டுக்கென்று இன்கோ மையம் 2006 முதல் சென்னையில் இயங்குகிறது.

இவ்வளவு பேர் வந்தும் நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது என்ன? ஒழுங்கு, நேரம், தரக்கட்டுப்பாடு எல்லாம் வாங்கிக்கொண்டோம். பாகங்கள் செய்யும் நம் சிறு நிறுவனங்கள் அதனால் நிமிர்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலான ஆலைகளில் அயலக அதிகாரிக்கும் உள்ளூர்ப் பொறியாளருக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். மாலையில் இருவர் வண்டிகளும் வேறுவேறு திசையில் போகின்றன. உத்தரவு கீழே வர அந்த ஏற்பாடு போதும். யோசனை மேலே போகப் போதாது. கொரிய மொழி கற்ற தமிழ்ப் பொறியாளர் ஒருவர் அந்த இடைவெளியைத் தாண்டினால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு மொழிபெயர்ப்பு வேலைதான், முடிவெடுக்கும் மேசையில் நாற்காலி இல்லை.

மறுபக்கம் நம் தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களைப் பாருங்கள். முப்பது வருடமாக ஆன்சைட் என்ற பெயரில் லட்சக்கணக்கானவர்களை உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறோம். மினியாபோலிஸில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்துக்குள்ளும், சூரிச்சில் ஒரு வங்கிக்குள்ளும் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த நிறுவனத்தின் எந்த அலமாரியில் எந்த எலும்புக்கூடு இருக்கிறது என்று தெரியும். வாடிக்கையாளருக்கே தெரியாத தேவை அவருக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வந்ததும் அவரை என்ன செய்கிறோம்? அடுத்த புராஜெக்ட் கிடைக்கும் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறோம். அங்கே என்ன பார்த்தாய் என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்கிற மேலாளர் இருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். சேவையை மணிக்கணக்கில் விற்றே பழகிய நிறுவனங்களில் அந்த ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் பில் போட முடியாது என்பதுதான் சிக்கல்.

2025-ல் ரெனோ சென்னையில் ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. பிரான்ஸுக்கு வெளியே அதற்குள்ள மையங்களில் இதுவே பெரியது என்கிறது நிறுவனம். அதே ஆண்டு, ஒரகடம் ஆலையில் நிசானிடம் இருந்த 51 சதவீதப் பங்கையும் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. தொழில்நுட்ப மையத்தில் மட்டும் நிசானின் 49 சதவீதம் தொடர்கிறது. பிரெஞ்சு, ஜப்பானிய, தமிழ்ப் பொறியாளர்கள் இனியும் சேர்ந்து உட்காரப்போகும் இடம் அதுதான். அங்கிருந்து பாரிஸுக்கும் யோகோஹாமாவுக்கும் யாரை அனுப்புவது, போனவர் திரும்பியதும் எந்த மேசைக்கு என்பதையெல்லாம் அந்த இரு நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் இந்த ஒன்றிரண்டு வருடங்களில் முடிவு செய்தாக வேண்டும்.